மூடியை அளந்தவர்

அத்தியாயம் 9

அந்த வாக்கியம் காதில் விழுந்து இருபது நாள் ஆகிவிட்டது. கரினுக்கு அது இன்னும் தொண்டையிலேயே நின்றது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரி லேபில் விடியற்கால ஷிஃப்டை முடித்துவிட்டு வந்து மாடியறையில் படுத்திருந்தாள். நேர் கீழே சமையலறை. கட்டிலோரம் தரையில் பதித்திருந்த, சூடான காற்று வரும் வென்ட் வழியாக நடீனின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல மேலே வந்தது. நடீன் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கரின் இங்கேயே தங்கிட்டா, நான் இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன்…"

அந்த நொடியில் பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறி சுற்ற ஆரம்பித்தது. வீட்டிலிருந்த தகரக் குழாய்கள் எல்லாம் ஹோவென்று இரைந்தன. மிச்சத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது.

மிச்சம் எதற்கு? முப்பத்தாறு வயதில், ஃபார்கோவில் கணவனைப் பிரிந்து, டுலூத்தில் அப்பா வீட்டுக்கு வந்து இறங்கியவளுக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது. அப்பா ஆர்விட், நடீனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. கரினின் அம்மா போய் எட்டு வருடம். அப்பாவின் கல்யாணத்துக்கு வந்த கரின், கேக் வெட்டும்போது கைதட்டிவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பினாள். நடீன்மீது அவளுக்குப் பிரியமும் இருந்ததில்லை, வெறுப்பும் இருந்ததில்லை. இருபது நாளுக்கு முன்பு வரை.

அன்றிலிருந்து அந்த வென்ட்டின்மேல் ஒரு தடித்த துவாலையை மடித்துப் போட்டு, அதன்மேல் தன் காலணிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தாள். அக்டோபர் பிறந்ததும் அறை ஐஸ் பெட்டியாகிவிட்டது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை அவளே கணவன் ட்ராவிஸுக்கு போன் செய்தாள். திரும்பி வருவதாகச் சொன்னாள். கல்யாணமான எட்டு வருடத்தில் அவன் அவள்மேல் கை ஓங்கியதில்லை. அவளோடு உட்கார்ந்து பேசியதும் இல்லை. அன்றும் அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

"சரி. ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்த ட்ரெய்லரோட வர்றேன்" என்றான். அவ்வளவுதான்.

அதையும் அவள் வீட்டில் சொல்லவில்லை.

இன்று சனிக்கிழமை.

*

சமையலறை மேசையில் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. ஏலக்காய் மணக்கும் பின்னல் ரொட்டியை நடீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே, சரிவுக்குக் கீழே, ஏரி ஈயத்தகடுபோலக் கிடந்தது.

திங்கட்கிழமை புது ஃபர்னஸ் வருகிறது. குளிர்காலத்துக்குச் சூடான காற்று, கோடைக்குக் குளிர்ந்த காற்று, இரண்டும் ஒரே குழாயில். மாட்ட வருகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். பழைய வென்ட் மூடிகள் துருப்பிடித்து, உள்ளே காற்றைத் திறந்து மூடும் தகடுகள் பாதி மூடியபடி இறுகிவிட்டன. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

ஆர்விட் பாக்கெட்டிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நடீனிடம் நீட்டினார். எழுபத்திரண்டு வயது. நாற்பத்தொரு வருடம் தகர வேலை. அந்த மலைச்சரிவில் பாதி வீடுகளுக்குக் காற்றுக்குழாய் போட்டவர் அவர்தான். விரல்களில் தகடு கிழித்த வெள்ளைத் தழும்புகள் இன்னும் இருந்தன.

"மொத்தம் பதினொண்ணு. எல்லாம் அளந்தாச்சு. கடையில ஜோனிகிட்ட காட்டினா எடுத்துக் கொடுத்துடுவா."

"நீயும் வாயேன், ஆர்விட்."

"முட்டி வலிக்குது. கரினைக் கூட்டிட்டுப் போ."

நடீன் கரினைப் பார்த்தாள். "வர்றியா, கண்ணு? இரும்பு மூடின்னா என்னால தனியா தூக்க முடியாது."

மறுக்க ஒரு காரணம் தேடி, கிடைக்காமல், கரின் தலையசைத்தாள்.

"என் அறைக்கு மட்டும் வேற மாதிரி வேணும்" என்றாள். "இறுக்கி மூடுற மாதிரி. ஒரு பொட்டு இடுக்கு இல்லாம."

ஆர்விட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மூடவா? இந்த ஊரே இதைத்தான் சொல்லுது! ஆளில்லாத அறையை மூடினா சூடு மிச்சமாம். காத்து போக இடமில்லன்னா ஃபர்னஸுக்கு மூச்சு முட்டிடும், தெரியுமா? உனக்கு என்ன, ரொம்ப சூடா இருக்கா?"

"சத்தமா இருக்கு."

ரொட்டி வெட்டிய கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு நடீன் அடுத்த துண்டை வெட்டினாள்.

கிளம்பும்போது ஆர்விட் சட்டைப் பாக்கெட்டைத் தடவினார். கால்சட்டைப் பாக்கெட்டைத் தடவினார். "லிஸ்டை எங்கே வெச்சேன்?"

"என்கிட்ட கொடுத்துட்ட" என்றாள் நடீன். அவர் பார்க்கும்படி காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

*

கடையின் பின்சுவர் முழுக்க வென்ட் மூடிகள். தகரத்தில் அடித்தவை, வார்ப்பிரும்பில் கொடியும் இலையுமாகப் போட்டவை, ஓக் மரத்தில் கம்பிபோல இழைத்தவை, வெள்ளை, பழுப்பு, கறுப்பு.

கரின் நேராகத் தகர மூடிகளிடம் போனாள். ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளி, எது நன்றாக மூடுகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எதுவும் முழுக்க மூடவில்லை. எல்லாவற்றிலும் எங்காவது ஒரு கோடு வெளிச்சம் கசிந்தது.

நடீன் மறுகோடியில், மாதிரிக்காகப் போட்டிருந்த மரத்தளத் துண்டின் முன்னால் குந்தியிருந்தாள். அதில் ஒரு மர மூடியை விளிம்பே தெரியாமல் பலகையோடு பலகையாகப் பதித்திருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் அதன்மேல் முன்னும் பின்னுமாகத் தடவினாள். பிறகு எழுந்து, காலணியைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து அதன்மேல் நடந்து பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"தடுக்குதான்னு பார்க்கிறேன். இது தரையோட தரையா இருக்கு பாரு. சாதா மூடின்னா விளிம்பு மேல நிக்கும்."

"அதைப் பதிக்கிறதுக்குத் தளத்தையே அறுக்கணுமே. இருக்கிற வேலை போதாதா?"

"அறுத்தா அறுத்துட்டுப் போறாங்க" என்றாள் நடீன்.

வீட்டை விட்டுப் போகிறவளுக்குத் தளத்தை அறுப்பதைப் பற்றி என்ன கவலை என்று கரின் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கவுன்டரில் ஜோனி இருந்தாள். அறுபது வயது, மூக்குக் கண்ணாடி நெற்றியில், காதில் பென்சில். ஆர்விட்டின் காகிதத்தைப் பிரித்தாள். படித்தாள். கண்ணாடியை இறக்கி மறுபடி படித்தாள்.

"யார் அளந்தது இதை?"

"அப்பாதான்."

"ஆர்விட்டா?" ஜோனி சிரித்தாள். "என்னைச் சோதிக்கிறாரா? விளையாட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கார்."

"ஏன்?"

"அஞ்சரை இஞ்சுக்குப் பதினொண்ணரைன்னு ஒரு அளவே கிடையாதும்மா. மூடிக்கு அளவுன்னா அதோட விளிம்பு இல்ல, கீழே இருக்கிற துளை. துளை நாலுக்குப் பத்து இருந்தா, அதுக்கு மேல உட்கார்ற மூடி அஞ்சரைக்குப் பதினொண்ணரை வரும். புதுசா வீடு வாங்கினவங்க எல்லாரும் இந்தத் தப்பைத்தான் செய்வாங்க. உங்கப்பா இதே இடத்துல நின்னு அவங்களைக் கிண்டல் பண்ணுவார். 'தலையை அளந்துட்டு வான்னா தொப்பியை அளந்துட்டு வந்திருக்கான் பாரு'ன்னு."

சொல்லிக்கொண்டே வந்த ஜோனியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவள் விரல் காகிதத்தில் இறங்கியது.

"சமையலறைன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கார். ரெண்டுக்கும் வேற வேற அளவு."

கரின் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அப்பாவின் கையெழுத்துதான். தகட்டில் கீறியதுபோலச் சதுரம் சதுரமான எழுத்து. பதினொரு வரி. எல்லாமே மூடியின் அளவு, ஒன்றுகூடத் துளையின் அளவில்லை. சமையலறை இரண்டு தடவை. மாடியில் அவளுடைய அறை இல்லவே இல்லை.

நாற்பத்தொரு வருடம் இதைத்தானே செய்தார்!

அவள் நடீனைத் திரும்பிப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கணத்தில் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். நடீன் ஆச்சரியப்படவில்லை.

"நாங்க திரும்ப அளந்துட்டு வர்றோம், ஜோனி" என்றாள் நடீன். "ஆர்விட்கிட்ட இந்த லிஸ்டைப் பத்தி எதுவும்…"

"எந்த லிஸ்ட்?" என்றாள் ஜோனி. அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

*

வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். நடீன் சாவியைப் போட்டாள், திருகவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் கரின்.

"ஏப்ரல்லதான் நான் கவனிச்சேன். தபால் வாங்கப் போனவர் கீழ்த் தெருவுல நின்னுட்டு இருந்தார். வீடு எந்தப் பக்கம்னு அவர் யாரையும் கேட்கல. நின்னுட்டே இருந்தார். ஜூன்ல டாக்டர் சொன்னாங்க. மறதி நோய்தான். இப்போ ஆரம்பம்னாங்க."

"ஜூன்! நான் ஆகஸ்ட்ல இருந்து இங்கேதானே இருக்கேன்? தினம் ஒரே மேசையிலதானே சாப்பிடுறோம்?"

"அவர் சொல்லக்கூடாதுன்னார். உனக்கு நானா சொல்லணும்னு ஒரு நாள் நினைப்பேன். அடுத்த நாள் உன் முகத்தைப் பார்ப்பேன். வந்தப்போ எப்படி வந்தே நீ! கண்ணெல்லாம் வீங்கி… அதுக்கு மேல இதையும் எப்படி வைக்கிறது?"

கரினுக்குக் கோபம் வந்தது. அப்பா மேலா, இவள் மேலா, தெரியவில்லை. இருபது நாளாக அடைத்துக்கொண்டிருந்தது அந்தக் கோபத்தோடு வெளியே வந்துவிட்டது.

"நல்லவங்க மாதிரி பேசாதீங்க, நடீன். நீங்கதான் போகப்போறீங்களே. எனக்குத் தெரியும்."

"எங்கே போகப்போறேன்?"

"கரின் இங்கேயே தங்கிட்டா, நான் இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன். உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்க. மேல என் அறையில வென்ட் வழியா ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு."

நடீன் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். மறுக்கவில்லை. எதையோ தேடுவதுபோல அவள் உதடு அசைந்தது. பிறகு ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"'போயிடுவேன்னு ஆர்விட் பயந்துட்டு இருக்கார்.' அதுதான் நான் சொன்னது. அவர்தான் அதையே திரும்பத் திரும்பச் சொல்றார், கரின். பொண்ணு வந்துட்டா, இனிமே நடீன் என்னை அவகிட்ட ஒப்படைச்சுட்டுக் கிளம்பிடுவா, கட்டி ரெண்டு வருஷம் ஆனவளுக்கு என்ன கட்டாயம்னு. தங்கச்சிகிட்ட சொல்லி அழுதேன். நீ அதையா…"

"ஃபர்னஸ் ஓட ஆரம்பிச்சுது. மிச்சம் கேட்கல."

முன்கண்ணாடிக்கு அப்பால், கடை வாசலில் ஒரு பெண் பனி வாரும் புது ஷவல் ஒன்றைக் காருக்குள் நுழைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

கரினுக்கு முதலில் நெஞ்சு லேசானது. உடனே அதற்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்கு இப்படி என்று தெரிந்த அதே பத்து நிமிடத்தில் எதற்காக லேசாக வேண்டும்?

"அப்போ நீங்க போக மாட்டீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று நடீன் சொல்லிவிட்டால் போதும்.

நடீன் சாவியில் தொங்கிய வளையத்தை விரலால் சுற்றினாள்.

"கென்னுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு வருஷம் நான்தான் பார்த்தேன்" என்றாள். கென் அவளுடைய முதல் கணவர். "குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி, திருப்பி. அவர் போனப்போ நான் அழல. தூங்கினேன். ரெண்டு நாள் தூங்கினேன். அதை இன்னொரு தடவை என்னால செய்ய முடியுமான்னு எனக்குத் தெரியாது. முடியும்னு உன்கிட்ட சத்தியம் பண்ணலாம். ஆனா அது பொய்யாப் போனா?"

"இதை அப்பாகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"அவர் கேட்டார். இதையேதான் சொன்னேன். அதான் பயப்படுறார்."

கரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு மாதத்தில், ஏன், இந்த எட்டு வருடத்திலேயே, தன்னிடம் ஒருவர் இவ்வளவு நேராகப் பேசியது இல்லை என்று பட்டது.

"கென் விழுந்தாரா?" என்று திடீரென்று கேட்டாள்.

"ரெண்டு தடவை. காலைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் நடப்பார். ரெண்டு தடவையும் ஹால்ல இருந்த வென்ட் மூடியோட விளிம்புலதான் தடுக்குச்சு. ரெண்டாவது தடவை இடுப்பு போச்சு."

"அப்போ… அங்கே கண்ணை மூடிட்டுத் தடவிப் பார்த்தீங்களே. நடந்து பார்த்தீங்களே. அது அப்பாவுக்கா?"

"இப்போ இல்ல. இப்போ நல்லாத்தான் நடக்கிறார்."

"போறேனோ இருப்பேனோ தெரியாதுன்னு சொல்றவங்க எதுக்குத் தளத்தை அறுத்துப் போடுற மூடியாப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீங்க?"

நடீன் சீட் பெல்ட்டை மாட்டினாள். சாவியைத் திருகினாள். வண்டி மலைமேல் ஏறியது.

*

கதவைத் திறந்ததும் நடீன் கையை நீட்டிக் கரினைத் தடுத்தாள். "பார்த்து! கால் வைக்காதே."

ஹாலில், வாசலிலிருந்து இரண்டடியில், தரையில் ஒரு நீண்ட சதுரத் துளை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே இன்னொன்று. சாப்பாட்டு அறையில் ஒன்று. பழைய மூடிகள் பதினொன்றும் சோபாவுக்கு முன்னால் செய்தித்தாளின் மேல் வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஆர்விட் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் அளவு டேப், மறுகையில் பென்சில். பக்கத்தில் ஐந்தாறு காகிதங்கள். எல்லாவற்றிலும் ஒரு வரி எழுதி அடித்திருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஓடி ஒளிய இடமில்லாதவரின் முகம்.

"தொப்பியை அளந்துட்டேன்" என்றார்.

டேப் சரக்கென்று உள்ளே சுருண்டது.

"நீங்க போனப்புறம்தான் மண்டையில உறைச்சுது. இந்நேரம் ஜோனி சிரிச்சிருப்பா. சரி, துளையை அளந்து வைப்போம்னு எல்லாத்தையும் கழட்டினேன். மாடியிலயும் கழட்டினேன், கரின், உன் செருப்புப் பெட்டியெல்லாம் நகர்த்திட்டேன், கோவிச்சுக்காதே. அளக்கவும் அளந்துட்டேன். ஆனா டேப்ல பார்த்த நம்பர் காகிதத்துக்கு வர்றதுக்குள்ள போயிடுது. திரும்பப் போய் அளக்கிறேன். திரும்பப் போயிடுது."

கரின் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நடீன் நின்ற இடத்திலேயே நின்றாள். இது தான் பேசவேண்டிய இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு ஒரு வியாதி வந்திருக்கும்மா" என்றார் ஆர்விட். டாக்டர் சொன்ன பெயரைச் சரியாகவே சொன்னார். அந்தப் பெயர் மட்டும் மறக்கவில்லை.

"தெரியும்ப்பா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா நீ போக மாட்டே."

"எங்கே?"

"நாளைக்கு ட்ராவிஸ் வர்றான்ல?"

நடீன் சட்டென்று கரினைப் பார்த்தாள். கரினின் முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு யார்…"

"வியாழக்கிழமை நான் சமையலறையிலதானே உட்கார்ந்திருந்தேன். நீ போன்ல பேசினது துவாலை வழியாவே கேட்டுச்சு. அந்தக் குழாயைப் போட்டவனே நான்தான். மேலேருந்தும் பேசும், கீழேருந்தும் பேசும். வந்துடுறேன், சரி ஞாயித்துக்கிழமைன்னு அவன்கிட்ட சொன்னே. சரி, பொண்ணுக்குப் புருஷன் ஞாபகம் வந்துடுச்சு, நம்ம சங்கதியைச் சொல்லி அவ காலைக் கட்டக் கூடாதுன்னு வாயை மூடிட்டேன்."

"ஞாபகம் எல்லாம் வரலப்பா" என்றாள் கரின். குரல் உடைந்தது. "இந்த வீட்டுல நான் பாரம்னு நினைச்சேன். வேற போக்கிடம் இல்லன்னு அவனைக் கூப்பிட்டேன்."

"யார் சொன்னது பாரம்னு?"

கரின் நடீனைப் பார்த்தாள். நடீன் துளையைச் சுற்றிக்கொண்டு வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"யாரும் சொல்லல, ஆர்விட்" என்றாள். "ஃபர்னஸ் சொல்லுச்சு."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்துவைத்தார்.

கரின் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டாள். "நீங்க அளந்து சொல்லுங்க. நான் எழுதுறேன்."

"ஆமா, அப்படித்தான் செய்யணும்" என்றார் ஆர்விட், அந்த யோசனையே தன்னுடையது என்பதுபோல. "வேலையில இருந்தப்பவும் ரெண்டு ஆளாத்தான் அளப்போம். ஹால். நாலுக்குப் பத்து."

"நாலுக்குப் பத்து."

"ஜன்னலடி. நாலுக்குப் பத்து."

"நாலுக்குப் பத்து."

"சாப்பாட்டு அறை. ஆறுக்குப் பதினாலு."

கரினின் பென்சில் நின்றது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து டேப் தெரிந்தது. பன்னிரண்டு. நடீன் அவளுக்கு மட்டும் தெரியும்படி லேசாகத் தலையசைத்தாள். எழுதிக்கோ, அப்புறம் திருத்திக்கலாம் என்பதுபோல.

"பன்னிரண்டுப்பா" என்றாள் கரின்.

ஆர்விட் குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"பன்னிரண்டு" என்றார். "ஆமா. பன்னிரண்டு போடு."

பிறகு நிமிர்ந்தார். "இப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது நல்லது. நடீன் சொல்ல மாட்டா. சரி சரின்னுட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் அழிச்சு எழுதுவா."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நடீன், திகைத்துப்போய்.

"எனக்கு மறதிதான். குருடு இல்ல."

நடீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி. இனிமே சொல்லிடுறேன்."

"சொல்லு. கோபம் வரும். வரட்டுமே."

மாடிக்குப் போய் அளந்தார்கள், கீழே வந்து அளந்தார்கள். பதினொன்றும் முடிந்தது. எந்த மூடி என்று பேச்சு வந்தபோது ஆர்விட் வார்ப்பிரும்புதான் என்று அடம் பிடித்தார். மரம் காய்ந்து நெளியுமாம். நடீன் தரையோடு பதிக்கும் மரமூடி என்றாள். காரணம் கேட்டார். அவள் கரினை ஒரு தடவை பார்த்துவிட்டு, இந்தத் தடவை நேராகவே சொன்னாள்.

"பின்னாடி உன் கால் தடுக்காம இருக்கும், அதுக்கு."

அவர் சுவரில் சாய்ந்து, தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓக்குன்னா சரி. பைன் மரம் வேண்டாம்" என்றார்.

மணி பன்னிரண்டு அடித்தது. நடீன் சூப்பைச் சுடவைக்கப் போனாள். கரின் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ட்ராவிஸுக்கு இப்பவே சொல்லிடுறேன். நாளைக்கு வீணா நாலு மணி நேரம் ஓட்டிட்டு வர வேண்டாம்."

வாசற்படிக்குப் போய் போன் செய்தாள். ஏரிக்காற்று காதை அறுத்தது. மூன்றாவது ரிங்கில் அவன் எடுத்தான். பின்னால் வண்டி ஓடும் சத்தம்.

"ட்ராவிஸ், நாளைக்கு நீ வர வேண்டாம்."

"நாளைக்கு இல்லையே" என்றான் அவன். "பாதி வழி தாண்டிட்டேன். ரெண்டு மணிக்கு அங்கே இருப்பேன்."

"என்ன? யார் உன்னை இன்னிக்கு…"

"உங்கப்பாதான். காலையில ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். இன்னிக்கே வந்துடு, ட்ரெய்லரோட வா, அவளைச் சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுன்னார். குரல் ஒரு மாதிரி இருந்தது, கரின். அழுதாரோ என்னவோ. அதான் அப்படியே கிளம்பிட்டேன்."

ஒன்பதரை. அவர்கள் கடைக்குக் கிளம்பிய பத்தாவது நிமிடம்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஆர்விட் பழைய மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்தத் துளையில் பொருத்திக்கொண்டிருந்தார். அவர் முகம் காலையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

"சொல்லிட்டியா அவன்கிட்ட?"

நடீன் சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அப்பா" என்றாள் கரின். "ட்ராவிஸ் நாளைக்கு வரல. இன்னிக்கு வர்றான். ரெண்டு மணிக்கு."

ஆர்விட்டின் கை மூடியோடு அந்தரத்தில் நின்றது.

"இன்னிக்கா?" என்றார். குரலில் நிஜமான கோபம் இருந்தது. "எவன் அவனை இன்னிக்கு வரச் சொன்னது?"